சிரிப்புக் கெடாமல் சொலவடைகளைத் தொகுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

அக்கா பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த நாட்களில், அவளுக்குத் துணை என்று சொல்லிக்கொண்டு நானும் நள்ளிரவு வரை விழித்துக் கிடப்பேன். ஒரு நாள் திண்ணையில் படுத்திருந்த அப்பத்தா தலையைக்கூடத் தூக்காமல், "எள்ளுதான் எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதுக்குக் காயுது?" என்று கேட்டார். அக்கா சிரித்தாள், அடுக்களையிலிருந்து அம்மாவும் சிரித்தார், நான் போய்ப் படுத்துக்கொண்டேன். செக்குக்குப் போகவேண்டிய எள் களத்தில் வெயில் காய்கிறது. அதே கறுப்பில் அதனோடு கலந்து கிடக்கும் எலிப்புழுக்கையும் சேர்ந்து காய்கிறது, ஆனால் முறத்தில் புடைக்கும்போது அது வெளியே போகப்போவதுதான். இத்தனையையும் ஆறு சொல்லுக்குள் அடக்கி, ஒரு சிறுவனைக் கோபமின்றிப் படுக்கைக்கு அனுப்ப முடிந்திருக்கிறது. பிற்காலத்தில் இதே வரியை "தொடர்பில்லாதவர் வீணே வருந்துதல்" என்ற விளக்கத்தோடு அச்சில் படித்தபோது, பொருள் சரியாகவே இருந்தது. சிரிப்பு மட்டும் இல்லை.

நகைச்சுவைப் பழமொழிகளைத் தொகுக்க விரும்புகிறவர்கள் முதலில் மனத்தில் கொள்ளவேண்டியது இதைத்தான். சொலவடையின் சிரிப்பு அதன் கருத்தில் இல்லை. யார், யாரிடம், எந்த நேரத்தில், எந்தச் சொல்லால் சொன்னார் என்பதில்தான் அது இருக்கிறது. அதைக் காப்பாற்றும் விதமாகத் தொகுப்பதற்கு, பல ஆண்டுகள் குறிப்பெடுத்ததில் எனக்குப் பயன்பட்ட முறையைக் கீழே தருகிறேன்.

முதல் வேலை: எல்லையை வகுத்துக்கொள்வது

தமிழில் பெருந்தொகுப்புகளுக்குக் குறைவில்லை. பீட்டர் பெர்சிவல் 1843-இல் யாழ்ப்பாணத்தில் வெளியிட்ட தொகுப்பு, 1874-இல் சென்னையில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகளோடு விரிந்து வந்தது. ஜான் லாசரஸ் 1894-இல் வெளியிட்ட பழமொழி அகராதி ஒன்பதாயிரத்தைக் கடந்தது. டென்மார்க்கிலிருந்து வந்த ஹெர்மன் ஜென்சன் 1897-இல் பழமொழிகளைப் பொருள்வாரியாகப் பிரித்துப் பதிப்பித்தார். பின்னாளில் கி.வா. ஜகந்நாதன் நான்கு தொகுதிகளாகத் திரட்டித் தந்தார். எண்ணிக்கையில் இவர்களோடு போட்டியிடுவது வீண் வேலை. அவர்களுக்குக் கிடைக்காத ஒன்று உங்களிடம் இருக்கிறது: உங்கள் வீடு, உங்கள் தெரு, உங்கள் ஊர்த் தொழில். ஆகவே ஒரு குடும்பம், அல்லது ஒரு ஊர், அல்லது ஒரு தொழில் என்று எல்லையைச் சுருக்கிக்கொள்ளுங்கள். இருநூறு சொலவடைகள் சூழலோடு கிடைத்தால் அதுவே நிறைவான தொகுப்பு. கி. ராஜநாராயணன் 1982-இல் வெளியிட்ட கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி ஒரு வட்டாரத்துக்குள்ளேயே நின்றதால்தான் அத்தனை ஆழம் பெற்றது.

எது உள்ளே வரும், எது வராது என்பதையும் தொடக்கத்திலேயே முடிவு செய்துவிடுவது நல்லது. "விளக்குமாற்றுக்குப் பட்டுக்குஞ்சம்" என்பது முழு வாக்கியமாக இல்லாவிட்டாலும் உள்ளே வரவேண்டும். விடுகதை வேறு குறிப்பேட்டுக்குப் போகட்டும். தொல்காப்பியம் செய்யுளியலிலேயே பிசி என்ற விடுகதையையும் முதுமொழி என்ற பழமொழியையும் தனித்தனியாக வைத்துவிட்டது. சிலேடைத் துணுக்குகளைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கேட்கும் முறை

"ஏதாவது பழமொழி சொல்லுங்கள்" என்று கேட்டால் யாரும் சொல்லமாட்டார்கள். சொன்னாலும், பள்ளிப் பாடத்தில் வரும் "அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்" என்பதைத்தான் சொல்வார்கள். சொலவடை கேள்விக்கு விடையாக வருவதில்லை. நிகழ்ச்சிக்கு விடையாக வருகிறது. எனவே ஆட்கள் கூடி வேலை செய்யும் இடத்தில் போய் உட்காருங்கள். பூக் கட்டும் திண்ணை, களை எடுக்கும் வயல், கல்யாண வீட்டில் காய் நறுக்கும் பந்தல், நூறு நாள் வேலை நடக்கும் கண்மாய்க்கரை ஆகியவை விளைச்சல் மிகுந்த இடங்கள். கைகள் வேலையில் இருக்கும்போது வாய் கட்டற்றுப் பேசும். அதுவும் பந்தலில் யார் எவ்வளவு நகை போட்டு வந்தார் என்ற பேச்சு எழுந்தால் அரை மணி நேரத்தில் ஒரு பக்கம் நிறைந்துவிடும்.

அப்படிப் போய் உட்கார வாய்ப்பில்லாதவர்கள் நிகழ்ச்சியைச் சொல்லிக் கேட்கலாம். "கடன் வாங்கினவன் ஒளிந்துகொண்டால் என்ன சொல்வீர்கள், பெரியம்மா?" "ஒன்றும் தெரியாதவன் எல்லாம் தெரிந்ததுபோலப் பேசினால் என்ன சொல்வார்கள்?" இவ்வாறு முப்பது நாற்பது நிகழ்ச்சிகளை முன்கூட்டியே எழுதி எடுத்துச் செல்லுங்கள். கஞ்சத்தனம், வீண் பெருமை, மாமியார் மருமகள் சச்சரவு, விருந்தாளி கிளம்பாமை, சோம்பல், புதுப்பணம் என்பவை ஒருபோதும் ஏமாற்றாத தலைப்புகள். ஒலிப்பதிவு செய்வதாக இருந்தால் முதலில் சொல்லி, அனுமதி பெற்றுக்கொண்டே செய்யுங்கள். மறைத்துப் பதிவு செய்தால், ஒரு முறை தெரிந்துவிட்டாலும் அந்த வாசல் அதன் பிறகு உங்களுக்குத் திறக்காது.

கேட்டபடியே எழுதுதல்

இதுதான் முதன்மையான படி; பலரும் தவறுவது இங்கேதான். சொலவடையை எழுத்துத் தமிழுக்கு மாற்றுவதில் தவறில்லை. ஆனால் கேட்ட வடிவத்தை எழுதிவிட்டு, அதன் கீழே எழுத்து வடிவத்தைத் தரவேண்டும். என் குறிப்பேட்டில் ஒரு பதிவு இப்படி இருக்கிறது:

கேட்டபடி: சுண்டக்கா காப்பணம், சொமகூலி முக்காப்பணம்.
எழுத்து வடிவம்: சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.
சொன்னவர்: அறுபது வயதைக் கடந்த பெரியம்மா, மானாமதுரைப் பக்கம்.
யாரிடம், எப்போது: நூற்றிருபது ரூபாய்ப் பொருளை இணையத்தில் வாங்கியதற்கு அனுப்பும் கட்டணம் தொண்ணூறு ரூபாய் என்று மருமகன் சொன்னபோது.
சிரித்தவர்கள்: மருமகன் உட்பட எல்லோரும்.
பொருள்கள்: பணம் என்பது பழைய நாணயம், இன்று பொதுச்சொல்.

இந்தச் சொலவடையைச் சற்று நெருங்கிப் பாருங்கள். சுண்டைக்காய், சுமைகூலி என்று இரண்டு பகுதியும் "சு" என்ற எழுத்தில் மோனையாகத் தொடங்குகின்றன. கால் என்பதும் முக்கால் என்பதும் கூடிச் சரியாக ஒரு பணம் ஆகிறது. அந்த ஒரு பணத்தில் மூன்று பங்கு கூலிக்கே போய்விடுகிறது. கணக்கும் ஓசையும் பிசகாமல் ஒன்றாக முடிகிற இடத்தில்தான் கேட்பவருக்குச் சிரிப்பு வருகிறது. இக்காலத்துக்குப் புரியவேண்டும் என்று "சுண்டைக்காய் இருபத்தைந்து ரூபாய்" என்று மாற்றி எழுதினால் எல்லாம் உதிர்ந்துவிடும். பழைய சொல் புரியாது என்ற அச்சம் இருந்தால் விளக்கத்தைக் கீழே எழுதுங்கள். மூலத்தில் கை வைக்காதீர்கள்.

இரண்டாவதாகக் கவனிக்கவேண்டியது, சொலவடையின் இறுதியில் வரும் "ஆம்". "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்." "விடிய விடிய இராமாயணம் கேட்டு, சீதைக்கு இராமன் சித்தப்பா என்றானாம்." எங்கோ யாரோ சொன்னதைத் தாம் கேள்விப்பட்டதாகச் சொல்லும் இந்த விகுதி, பேசுகிறவருக்குப் பெரிய பாதுகாப்பைத் தருகிறது. எதிரில் இருப்பவரை நேராகக் குறை சொல்லவில்லை, எவளோ ஒருத்தியின் கதையைச் சொல்கிறோம் என்ற திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு, ஒரு மருமகள் மாமியாரிடமும், ஒரு கூலியாள் பண்ணைக்காரரிடமும் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட முடிகிறது. "என்றாள்" என்று எழுதிவிட்டால் அந்தத் திரை கிழிந்துபோகும். எனவே "ஆம்", "ஆமே", "ஆமில்ல" எது வந்ததோ அதை அப்படியே எழுதுங்கள்.

சொன்னவர் யார் என்பதை ஏன் எழுதவேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. "மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்" என்பதை மருமகள் சொன்னால் அது முறையீடு. மாமியாரே தன் கையிலிருந்து நழுவிய பாத்திரத்தைப் பார்த்துச் சொன்னால் அது சமாதானம். வரி ஒன்றுதான் என்றாலும் சிரிப்பு இரண்டு வேறு இடங்களிலிருந்து வருகிறது.

கதையைத் தேடி எடுத்தல்

சில சொலவடைகளுக்குப் பின்னால் முழுக்கதை உண்டு. "எங்கப்பன் குதிருக்குள் இல்லை" என்பது அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது. கடன் கொடுத்தவர் வருவதைக் கண்ட தகப்பன், வீட்டில் இருக்கும் நெற்குதிருக்குள் இறங்கிக்கொண்டு, "நான் இல்லை என்று சொல்லு" என்று மகனிடம் சொல்கிறான். வந்தவர் கேட்கிறார். பையன் மிகுந்த பொறுப்போடு, "எங்கப்பன் குதிருக்குள் இல்லை" என்கிறான். ஆள் உயர மண்குதிர்கள் வீடுகளிலிருந்து மறைந்துவிட்ட பின்னும், கேட்காத குற்றத்துக்கு மறுப்புச் சொல்லி மாட்டிக்கொள்பவரைப் பற்றி இன்றும் இதைத்தான் சொல்கிறோம். ஆனால் கதை தெரியாத இளையவர்களுக்கு இந்த வரி வெறும் ஒலியாகவே போய்ச் சேர்கிறது. ஆகவே கதை உள்ள சொலவடைக்குக் கதையையும், மறைந்த பொருள் உள்ள சொலவடைக்கு அந்தப் பொருளின் விளக்கத்தையும், முடிந்தால் படத்தையும் சேருங்கள். குதிர், செக்கு, அகப்பை, முறம், குட்டிச்சுவர் ஆகியவற்றை எல்லா வாசகரும் பார்த்திருப்பார்கள் என்று எண்ணிவிடவேண்டாம்.

சரிபார்த்தல்: "உண்மையான பொருள்" என்ற பெயரில் வரும் திருத்தங்கள்

கைப்பேசி வந்த பிறகு நகைச்சுவைப் பழமொழிகளுக்கு ஏற்பட்டிருக்கும் பெரிய தீங்கு இது என்று நினைக்கிறேன். "நாம் இத்தனை காலம் தவறாகச் சொல்லிவந்தோம், இதன் உண்மையான வடிவம் இது" என்ற செய்திகள் நாள்தோறும் சுற்றிவருகின்றன. "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை" என்பது, கழு என்ற கோரையால் பாய் தைத்தால் கற்பூர வாசனை தெரியும் என்ற பொருளில் "கழு தைக்கத் தெரியுமாம் கற்பூர வாசனை" என்று இருந்ததாம். "சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும்" என்பது சஷ்டி விரதத்தைக் குறித்ததாம். "ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்" என்பது ஆயிரம் வேரைக் கொன்றதாம். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கும். ஒவ்வொரு திருத்தமும் ஒரு கேலியை எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் ஒரு தகவலையோ ஓர் அறிவுரையையோ வைத்துவிடுகிறது என்பதைக் கவனித்தால்தான் உறுத்தும்.

இவற்றைச் சோதிக்க ஒரு வழி, அக்கம்பக்க மொழிகளைப் பார்ப்பது. கன்னடத்தில் "கத்தெகேனு கொத்து கஸ்தூரி பரிமள" என்கிறார்கள். கழுதைக்குக் கஸ்தூரி மணம் தெரியுமா என்பது பொருள். தெலுங்கில் "காடிதகேமி தெலுசு கந்தம் வாசன" என்று சந்தனத்தைச் சொல்கிறார்கள். மூன்று மொழியிலும் விலங்கு கழுதைதான். வாசனைப் பொருள் மட்டும், அந்தந்த மொழியில் கழுதையின் பெயரோடு ஓசை பொருந்தும்படி மாறுகிறது: கழுதைக்குக் கற்பூரம், கத்தெக்குக் கஸ்தூரி, காடிதவுக்குக் கந்தம். பாய் தைக்கும் விளக்கம் கன்னடத்துக்கும் தெலுங்குக்கும் எப்படிப் பொருந்தும்? நம் மொழிக்குள்ளேயே "எருது நோய் காக்கைக்குத் தெரியுமா" என்று இதே வாய்பாட்டில் அமைந்த உடன்பிறப்பும் இருக்கிறது. வைத்தியன் செய்தியிலும், கொல்லப்பட்டது பேராக இருந்தால்தான் "அரை" என்ற சொல் குத்துகிறது. ஆயிரம் பேரைக் கொன்ற பிறகும் பாதி வைத்தியன்தான் என்பதுதானே நகை!

"மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே" என்பதில் வருவது குதிரை அல்ல, "குதிர்" என்ற ஆற்று மணல்மேடு என்று திருத்துகிறார்கள். எங்கள் சிவகங்கைச் சீமையில் அய்யனார் கோயிலுக்குப் புரவியெடுப்பு நடக்கும்; ஆள் உயரத்துக்கும் மேலான மண்குதிரைகள் கண்மாய்க்கரையில் வரிசையாக நிற்கும். அவற்றைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, அந்தக் குதிரையில் ஏறி ஆற்றைக் கடக்க நினைப்பவனின் கோலம் தானாகவே கண்ணில் தெரியும், திருத்தம் தேவைப்படாது.

பழமொழிகள் மாறுவதே இல்லை என்று நான் சொல்லவில்லை. பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்றான, முன்றுறை அரையனாரின் பழமொழி நானூற்றில், "மணலுள் முழுகி மறைந்து கிடக்கும் நுணலும் தன் வாயால் கெடும்" என்று வருகிறது. மணலுக்குள் ஒளிந்திருந்தும் கத்தித் தன்னைக் காட்டிக்கொடுத்துக்கொள்ளும் நுணல் (தேரை), இன்று நம் பேச்சில் தவளை ஆகிவிட்டது. இந்த மாற்றத்துக்கு ஏட்டில் சான்று இருக்கிறது. அதே நூல், கொடுக்கவும் அனுபவிக்கவும் தெரியாதவனின் செல்வத்தை "நாய் பெற்ற தெங்கம்பழம்" என்கிறது. தேங்காயை உடைக்கவும் தெரியாமல் விட்டுப்போகவும் மனமில்லாமல் உருட்டிக்கொண்டிருக்கும் நாய், இத்தனை நூற்றாண்டுக்குப் பிறகும் அப்படியே நம் வாயில் இருக்கிறது. ஆகவே யாராவது புது வடிவம் ஒன்றைக் கொண்டுவந்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: பழைய தொகுப்பு எதிலாவது அந்த வடிவம் உண்டா? இலக்கணம் அதை ஏற்கிறதா? அதே வாய்பாட்டில் வேறு பழமொழி இருக்கிறதா? பெர்சிவல், லாசரஸ், ஜென்சன் தொகுப்புகளை இணைய ஆவணகத்தில் படிக்கலாம். பழமொழி நானூறு மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் கிடைக்கிறது. அரிய சொல்லுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியைப் பார்க்கலாம். சான்று கிடைக்காத திருத்தத்தையும் எறிந்துவிடவேண்டாம். "இக்காலத்தில் பரவும் விளக்கம்" என்று குறித்து, மூலத்தின் அடியில் வையுங்கள்.

வகை பிரித்தல்

அகரவரிசை தேடுவதற்கு உதவும், படிப்பதற்கு உதவாது. பொருள்வாரியாகப் பிரித்தால் படிக்க முடியும். ஆனால் நகைச்சுவைத் தொகுப்புக்கு அதைவிடப் பொருத்தமான பிரிவு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், "எள்ளல் இளமை பேதைமை மடனென்று உள்ளப்பட்ட நகை நான்கென்ப" என்கிறது. சிரிப்பு எங்கிருந்து பிறக்கிறது என்பதை நான்கே சொல்லில் வகுத்துவிட்ட இந்த நூற்பாவை என் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறேன்.

"அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான்" என்பது எள்ளல். சீதைக்கு இராமனைச் சித்தப்பா ஆக்கியவன் பேதைமையின் பக்கம். மடன் என்பதற்குப் பிறர் புகட்டியதைக் கொண்டு, கொண்டதை விடாதிருத்தல் என்று உரையாசிரியர்கள் பொருள் சொல்வார்கள். "கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி எங்கே போயிற்று" என்பது அதற்குள் வந்துவிடும். குதிருக்குள் அப்பன் இல்லை என்ற பையனை எங்கே வைப்பது என்று நான் நெடுநாள் யோசித்தேன். அவன் சிறுவன் என்பதால் இளமை. சொல்லிக்கொடுத்ததை விடாமல் பிடித்துக்கொண்டதால் மடன். இரண்டு இடத்திலும் குறிப்பதே சரி என்று முடிவு செய்தேன். தன்னைத் தானே நொந்து சொல்லும் "சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது" போன்றவற்றுக்கும் இடம் இருக்கிறது. பிறரை எள்ளுவது மட்டுமன்றி, பிறர் எள்ளத் தான் நகுவதும் எள்ளலே என்று பேராசிரியர் என்ற பழைய உரையாசிரியரின் உரை விரித்துக்கொடுக்கிறது.

புண்படுத்தும் சொலவடைகள்

எள்ளல் எல்லாம் குற்றமற்றது என்று சொல்ல முடியாது. சாதியை, உடற்குறையை, கைம்பெண்ணை, நிறத்தை இழிவுபடுத்தும் பழமொழிகள் பழைய தொகுப்புகளில் நிறையவே உண்டு. உங்கள் வீட்டுத் திண்ணையிலும் கிடைக்கும். அவற்றை ஆராய்ச்சிக்காகத் தனி ஏட்டில், யார் யாரை நோக்கிச் சொன்னது என்ற குறிப்போடு எழுதிவையுங்கள். அவை இருந்ததை மறைப்பதும் ஒரு பொய்தான். ஆனால் பிள்ளைகள் கையில் கொடுக்கும் நகைச்சுவைத் தொகுப்பில் அவற்றுக்கு இடம் தரவேண்டாம். ஐயம் வரும்போது, யாரைப் பற்றிய சொலவடையோ அவர் எதிரில் அமர்ந்திருக்க அதை உரக்கப் படிக்க உங்களால் முடியுமா என்று பாருங்கள். முடியாது என்று தோன்றினால் எடுத்துவிடுங்கள்.

பெயரோடு வரும் நயவுரைகள்

சிலேடைகளும் சமயோசிதப் பேச்சுகளும் பழமொழியிலிருந்து வேறுபட்டவை, ஏனென்றால் அவற்றுக்கு உரிமையாளர் உண்டு. நாகைச் சத்திரத்தில் சோறு தாமதமானதற்குக் காளமேகம் பாடிய வெண்பா, "இலையிலிட வெள்ளி எழும்" என்று முடிகிறது. அது தனிப்பாடல் திரட்டில் அவர் பெயரிலேயே இருக்கிறது. ஆனால் மேடைத் துணுக்குகள் அப்படியல்ல. நின்றுபோன காரை எல்லோரும் இறங்கித் தள்ளும்போது, தம்மை விட்டுவிட்டதற்கு "என்னைத் தள்ளாதவன் என்று நினைத்துவிட்டீர்களா?" என்று கேட்டதாகக் கி.வா. ஜகந்நாதனைப் பற்றிச் சொல்வார்கள். சிலேடைக்குப் பேர்போனவர் என்பதால், எங்கோ பிறந்த சிலேடைகளும் அவர் பெயரில் வந்து சேர்வது இயல்பு. எனவே அச்சில் சான்று காணாதவரை "என்று சொல்லப்படுகிறது" என்றே எழுதுங்கள்.

ஏட்டை முடித்தல்

தட்டச்சு செய்யும்போது விரிதாளில் ஒரு சொலவடைக்கு ஒரு வரிசை என்று வைத்து, முதற்சொல், நிகழ்ச்சி, நகையின் வகை, ஊர் ஆகியவற்றுக்குத் தனித்தனி நிரல் கொடுத்தால் பின்னர் எப்படி வேண்டுமானாலும் அடுக்கலாம். இரண்டு இடத்தில் படி எடுத்து வையுங்கள். அச்சிடுவதாக இருந்தால் நிகழ்ச்சிவாரியான சொல்லடைவைக் கட்டாயம் சேருங்கள். வாசகர் தேடுவது முதற்சொல்லை அல்ல, தனக்கு இன்று நேர்ந்ததற்கு என்ன சொல்வது என்பதைத்தான்.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்பு, சொன்னவர்களிடமே கொண்டுபோய் முழுவதையும் படித்துக் காட்டுங்கள். நான் மானாமதுரைப் பக்கம் பெரியம்மாவிடம் படித்துக் காட்டியபோது, பதினோரு இடத்தில் சொல்லைத் திருத்தினார். படிக்கப் படிக்க நினைவுக்கு வந்ததாக மேலும் இருபத்து மூன்று சொலவடைகளைச் சொன்னார். கையில் வெறுங்குறிப்பேடு ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள்.